கடலின் நாட்காட்டியும் கல்லூரியின் நாட்காட்டியும்: பணியில் இருந்தபடியே முனைவர் பட்டம் முடிக்க

ராமநாதபுரம் கடலோரத்தில் நர்சிங் கல்லூரியிலோ பொதுச் சுகாதாரப் பயிற்சி நிலையத்திலோ ஆசிரியராகப் பணிபுரிந்துகொண்டே பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வகுப்பு எடுக்க வேண்டும், மாணவர்களை மருத்துவமனைக்கும் கிராமத்துக்கும் அழைத்துச் செல்ல வேண்டும், புதிய பாடத்திட்டத்துக்கு ஏற்பப் பாட அலகுகளை எழுதித் தர வேண்டும், இவற்றுக்கு நடுவே ஆய்வும் நகர வேண்டும். இவற்றைத் தனித்தனி வேலைகளாக வைத்துக்கொண்டு நேரத்தை மட்டும் பங்கு பிரிக்க முயல்பவர்கள் பெரும்பாலும் ஆய்வைத்தான் கைவிடுகிறார்கள். ஏனென்றால் வகுப்புக்கு மணி அடிக்கும், தேர்வுக்குத் தேதி உண்டு, ஆய்வுக்கு மட்டும் மணியும் இல்லை, தேதியும் இல்லை. ஆகவே நேரத்தைப் பிரிப்பதற்கு முன்னால் வேலைகளைச் சேர்த்துக் கட்டுங்கள். எப்படிச் சேர்ப்பது, எந்த இடத்தில் சேர்க்கவே கூடாது என்பதை என் அனுபவத்திலிருந்து கூறுகிறேன்.

தலைப்பு

நான் முதலில் தேர்ந்தெடுத்த தலைப்பு, செயற்கைச் சுவாசக் கருவியில் இருக்கும் நோயாளிகளின் பராமரிப்பு பற்றியது. நல்ல தலைப்புதான். ஆனால் அதற்குத் தேவையான எண்ணிக்கையில் நோயாளிகள் வேண்டுமென்றால் நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து மதுரைக்குப் போக வேண்டியிருந்தது. நான் கல்லூரியில் நடத்திய பாடமோ சமூக நல நர்சிங். வகுப்புக்காகப் படித்தது ஆய்வுக்கு உதவவில்லை, ஆய்வுக்காகப் படித்தது வகுப்புக்கு உதவவில்லை. ஓராண்டுக்கும் மேலாக இரண்டு படகுகளில் கால் வைத்து நின்ற பிறகு, நெறியாளரின் ஒப்புதலோடு தலைப்பை மாற்றினேன். மீனவக் குடும்பங்களில் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு உணவில் உப்பைக் குறைப்பது குறித்து ஆலோசனை கூறும் திறனை நர்சிங் மாணவர்களிடம் எவ்வாறு வளர்ப்பது என்பதே புதிய தலைப்பு. அன்றுதான் என் ஆய்வு உண்மையில் தொடங்கியது.

தலைப்பை உறுதி செய்வதற்கு முன் மூன்று கேள்விகளை உங்களிடமே கேட்டுப் பாருங்கள். இந்த ஆண்டு நான் நடத்தும் ஏதேனும் ஓர் அலகில் இந்தப் பொருள் வருகிறதா? எனக்குத் தேவையான மக்கள், கல்லூரியின் சமூகக் களப்பணி ஏற்கெனவே நடைபெறும் ஊர்களில் வாழ்கிறார்களா? ஆய்வின் முடிவு நான் எதிர்பார்த்தபடி வராவிட்டாலும் மாணவர்களுக்குப் பயன்படும் பாடம் ஒன்று மிஞ்சுமா? மூன்றுக்கும் ஆம் என்று விடை வந்தால் அந்தத் தலைப்போடு ஆறு ஆண்டுகள் வாழலாம்.

இந்தக் கடலோரத்தில் அத்தகைய தலைப்புகளுக்குப் பஞ்சமில்லை. சின்னப்பாலத்திலும் பாம்பனிலும் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களின் கைவிரல்களிலும் கால்களிலும் பாறை கிழித்த காயங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் வேலை செய்பவர்களை வெயிலும் உப்பும் என்ன செய்கின்றன என்பது ஒரு முழு ஆய்வுக்கான பொருள். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலை, சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள்; மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்று வெளிப்படையாகத் தடை செய்கிறது. அந்த ஊரிலிருந்து சற்றுத் தொலைவில் மனநல நர்சிங் நடத்தும் ஆசிரியர், அந்தச் சட்டத்தை மாணவர்களுக்கு வெறும் பிரிவு எண்களாக நடத்திவிட்டு வேறு எங்கோ ஆய்வுப் பொருள் தேடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சேருமுன் வாங்க வேண்டிய தாள்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 6 ஆண்டுகள். மறுபதிவின் மூலம் மேலும் 2 ஆண்டுகள் வரை பெறலாம். பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டுகள் தளர்வு உண்டு. உங்கள் பல்கலைக்கழகத்தின் சொந்த விதிகள் இதைவிடக் கடுமையாக இருக்கலாம் என்பதால் அவற்றையும் வரி விடாமல் படியுங்கள்.

பகுதிநேரமாகச் சேர்பவர்கள் பணிபுரியும் நிறுவனத்திடமிருந்து தடையின்மைச் சான்று பெற்றுத் தர வேண்டும். ஆய்வுக்குப் போதிய நேரம் ஒதுக்க அலுவல் இடம் தரும் என்பதும், தேவைப்பட்டால் பாடநெறிப் படிப்புக்காகப் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார் என்பதும் அந்தச் சான்றில் இருக்க வேண்டியவை. பெரும்பாலான கல்லூரிகளில் இது ஒரு சடங்காக ஒரே வரியில் தட்டச்சாகி வந்துவிடுகிறது. அதோடு மனநிறைவு அடையாதீர்கள். வாரத்தில் எந்த அரைநாள் உங்களுக்கு வகுப்பும் களப்பணியும் இல்லாமல் விடப்படும், கல்லூரியின் களப்பணி ஊர்களில் ஆய்வு செய்ய அனுமதி உண்டா, நீங்கள் எழுதும் பாட அலகை ஆய்வேட்டில் இணைக்கலாமா என்ற மூன்றையும் ஒரு கடிதமாக எழுதி முதல்வரின் கையொப்பம் பெற்றுவிடுங்கள். முதல்வர்கள் மாறுவார்கள்; கடிதம் கோப்பில் இருக்கும். என் தோழி ஒருவர் வாய்மொழி அனுமதியை நம்பி இரண்டு ஆண்டுகள் உழைத்த பிறகு, புதிதாக வந்த நிர்வாகம் அந்த அரைநாளைத் தேர்வுப் பணிக்கு எடுத்துக்கொண்டது.

மூன்று நாட்காட்டிகள்

நேர மேலாண்மை பற்றிய அறிவுரைகள் எல்லாம் ஒரே நாட்காட்டியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நமக்கு இருப்பவை மூன்று. பல்கலைக்கழகத்துக்கு ஒரு நாட்காட்டி: பருவத் தொடக்கம், உள்மதிப்பீட்டுத் தேர்வுகள், செய்முறைத் தேர்வு. ஆய்வுக்கு ஒரு நாட்காட்டி: ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் முன்னேற்றத்தைக் காட்ட வேண்டும். மூன்றாவது கடலின் நாட்காட்டி. அதற்கு நம்மால் விண்ணப்பம் எழுத முடியாது.

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். அந்த நாட்களில் ஆண்கள் கரையில் இருப்பார்கள். வலை பின்னுவதும் படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பதுமாக இருந்தாலும் உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும். அதே நாட்களில் கையில் பணம் இருக்காது. மருந்து வாங்குவதும் மருத்துவமனைக்குப் போவதும் தள்ளிப்போகும். சாப்பாட்டில் மீன் குறைந்து கருவாடு கூடும். ஆகவே தடைக்காலத்தில் மட்டும் திரட்டிய தரவை ஆண்டு முழுவதற்குமானதாக எழுதினால் அது பிழை. நான் தடைக்காலத்தில் பாதியையும் மற்ற மாதங்களில் பாதியையும் திரட்டுவதென்று திட்ட வரைவிலேயே எழுதிவிட்டேன். ஆய்வுக் குழுவில் கேள்வி வந்தபோது அந்த ஒரு பத்திதான் காப்பாற்றியது.

தடைக்காலம் இல்லாத மாதங்களிலும் நாள் பார்க்க வேண்டும். ராமேசுவரம் பக்கத்து விசைப்படகுகள் வாரத்தில் திங்கள், புதன், சனி ஆகிய நாட்களில் மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டான டோக்கன் பெற்றுக் கடலுக்குப் போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. திங்களன்று போன படகு மறுநாள் காலையில் கரை திரும்பும்போது, இரவெல்லாம் கண்விழித்தவரிடம் நாற்பது கேள்விகள் கொண்ட வினாநிரலை நீட்டக் கூடாது. அவர் தூங்கி எழுந்து, செவ்வாய் மாலையில் தேநீர்க் கடைக்கு வரும் நேரமே நமக்கு உகந்தது. தங்கச்சிமடம், பாம்பன் போன்ற கத்தோலிக்க ஊர்களில் ஞாயிறு காலை திருப்பலி. கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் வெள்ளி நண்பகல் தொழுகை, நோன்பு மாதம். பாசி எடுக்கும் பெண்களின் வேலை நாட்கள் அமாவாசை, பௌர்ணமியையொட்டி அமைகின்றன. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டால் டோக்கன் கிடையாது, ஆட்கள் கரையில்தான் இருப்பார்கள். ஆனால் அன்று அவர்கள் மனம் கட்டிவைத்த படகில் இருக்கும், உங்கள் கேள்வியில் இருக்காது.

ஒரு பெரிய தாளில் பன்னிரண்டு மாதங்களையும் வரைந்து, இந்த மூன்று நாட்காட்டிகளையும் மூன்று நிறங்களில் குறியுங்கள். நிறங்கள் மோதும் வாரங்களில் புதிதாக எதையும் ஏற்காதீர்கள். பல்கலைக்கழகத் தேர்வு அட்டவணை வந்த அன்றே கண்காணிப்புப் பணி நாட்களைச் சக ஆசிரியரோடு மாற்றிக்கொள்ளப் பேசிவிட வேண்டும்; ஒரு வாரத்துக்கு முன்பு கேட்டால் யாராலும் உதவ முடியாது. கள ஆய்வுக்கு இடம் இல்லாத வாரங்கள் தரவைக் கணினியில் ஏற்றுவதற்கும் திருத்துவதற்கும் உரியவை.

ஒரு வினா, மூன்று வேலைகள்

வேலைகளைச் சேர்த்துக் கட்டுவது என்றால் என்ன என்பதற்கு ஒரு காலைப்பொழுதைக் கூறுகிறேன். முன்னோட்ட ஆய்வுக்காகத் தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டுக்கு மூன்றாமாண்டு மாணவி ஒருவரோடு போயிருந்தேன். வீட்டு முற்றத்து மணலில் பழைய வலையை விரித்து நெத்திலி காய வைத்திருந்தார்கள். பாட்டி திண்ணையில் உட்கார்ந்து காகம் ஓட்டிக்கொண்டிருந்தார். உணவில் உப்பு அதிகம் சேர்ப்பீர்களா என்று மாணவி வினாநிரலைப் பார்த்து வாசித்தார். "பிரஷர்னு சொன்னதிலேர்ந்து குழம்புக்கு உப்பு கம்மியாத்தான் போடுறேன், பாப்பா" என்றார் பாட்டி. மாணவி "குறைவு" என்ற கட்டத்தில் குறியிட்டார். சற்று நேரத்தில் பேத்தி கொண்டுவந்து வைத்த தட்டில் பழைய சோறு, நீராகாரத்தில் கலந்த உப்பு, சுட்ட கருவாடு இரண்டு துண்டு, ஓரத்தில் எலுமிச்சை ஊறுகாய். பாட்டி பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் உப்பு என்பது குழம்பில் போடுவது மட்டுமே. கருவாடு கருவாடுதான், அது உப்பில் சேராது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. அந்தத் தட்டில் இருந்ததை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்று மாலையே மூன்று வேலைகள் நடந்தன. வினாநிரலில் அந்த வினாவை எடுத்துவிட்டு, சென்ற வாரம் எத்தனை நாள் கருவாடு, எத்தனை நாள் ஊறுகாய், நீராகாரத்துக்கு உப்பு உண்டா என்று தனித்தனியாகக் கேட்கும்படி மாற்றினேன். அது முன்னோட்ட நிலையாக இருந்ததால் மாற்ற முடிந்தது, முதன்மை ஆய்வு தொடங்கிய பிறகு வினாநிரலில் கைவைக்கக் கூடாது. அடுத்த நாள் வகுப்பில் "உப்பைக் குறையுங்கள்" என்ற அறிவுரை ஏன் போதாது என்பதற்கு அந்தத் தட்டையே எடுத்துக்காட்டாகக் கூறினேன். நான் எழுதிக்கொண்டிருந்த ஆலோசனைத் திறன் அலகில், கருவாட்டைச் சுடுநீரில் ஊறவைத்து நீரை வடித்துச் சமைப்பது, ஊறுகாயையும் கருவாட்டையும் ஒரே வேளையில் உண்ணாதிருப்பது என்று அந்த வீட்டில் செய்யக்கூடியவற்றைப் பற்றிப் பேசும் பயிற்சி சேர்ந்தது. ஒரு காலைப்பொழுது மூன்று கோப்புகளிலும் ஏறியது. இப்படி ஏறாத வேலை எதையும் ஏற்பதற்கு முன் இருமுறை யோசியுங்கள்.

இதற்கு ஒரு பழக்கம் கைகொடுக்கும். களத்திலிருந்து திரும்பும் பேருந்திலேயே, மறப்பதற்கு முன், குறிப்பேட்டின் ஒரு பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரித்து "ஆய்வுக்கு", "வகுப்புக்கு", "பாட அலகுக்கு" என்று எழுதிவிடுங்கள். மக்கள் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். "இரத்தக் கொதிப்பு", "பிரஷர்", "தலைக்கிறுகிறுப்பு" என்று அவர்கள் சொல்வதைக் குறிப்பேட்டிலேயே "உயர் இரத்த அழுத்தம்" என்று திருத்திவிட்டால், ஒரு வீட்டில் அவை வேறு வேறு நோய்களாக எண்ணப்படுகின்றன என்பது பிறகு தெரியாமலே போய்விடும்.

பாடத்திட்டப் பணியை ஆய்வாக மாற்றுவது

இணைப்புக் கல்லூரி ஆசிரியரால் பாடத்திட்டத்தை மாற்ற முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். பாதி உண்மை. இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் அறிவித்த பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டம் எட்டுப் பருவங்களும் கிரெடிட் முறையும் கொண்டது. பாடங்களையும் மணிக்கணக்கையும் நம்மால் தொட முடியாது. சமூக நல நர்சிங்கின் முதற்பகுதி ஐந்தாம் பருவத்திலும் இரண்டாம் பகுதி ஏழாம் பருவத்திலும் வருகிறது. ஆனால் அந்த மணி நேரத்துக்குள் எந்த ஊருக்குப் போகிறோம், எந்த எடுத்துக்காட்டைக் கொண்டு நடத்துகிறோம், திறனை எப்படி மதிப்பிடுகிறோம் என்பவை முழுக்க நம் கையில் உள்ளன. பாடத்திட்ட மேம்பாடு என்று ஆசிரியர் கூட்டத்தில் பேசப்படுவதில் பெரும்பகுதி இதுதான்.

மருத்துவக் கல்வியில் டேவிட் கெர்னும் அவருடைய சகாக்களும் வகுத்த ஆறு படிகள் பரவலாகப் பின்பற்றப்படுகின்றன: சிக்கலை அடையாளம் காண்பது, குறிப்பிட்ட மாணவர்களின் தேவையை அறிவது, நோக்கங்களை வகுப்பது, கற்பிக்கும் முறையைத் தேர்வது, நடைமுறைப்படுத்துவது, மதிப்பிட்டுத் திருத்துவது. இவற்றை ஆய்வேட்டின் இயல்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதற்படியை ஒழுங்காகச் செய்தால் அதுவே அறிமுக இயலும் முன்னாய்வுகள் இயலுமாகும். இரண்டாம் படி உங்கள் முதற்கட்ட ஆய்வு. கடைசிப் படி முடிவுகள் இயல். கல்லூரிக்காக எழுதும் அலகை இந்த வரிசையில் எழுதி, ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியிட்டுத் தனிக் கோப்பாகச் சேமித்தால் ஆய்வேட்டின் ஒரு பகுதி தானாகச் சேர்ந்துகொண்டே வரும்.

மதிப்பீட்டில் ஒரு எச்சரிக்கை. ஜார்ஜ் மில்லர் 1990இல் முன்வைத்த பிரமிடில் நான்கு தளங்கள் உள்ளன: அறிதல், எப்படி என்று அறிதல், செய்து காட்டுதல், பணியிடத்தில் செய்தல். நம்மில் பலரும் எழுத்துத் தேர்வு வைத்து முதல் தளத்தை அளந்துவிட்டு, மாணவருக்கு ஆலோசனைத் திறன் வந்துவிட்டது என்று எழுதிவிடுகிறோம். பேசும் திறனைப் பேசச் சொல்லித்தான் அளக்க முடியும். ரொனால்டு ஹார்டன் 1975இல் அறிமுகப்படுத்திய நிலையம் நிலையமாகச் சுற்றும் செய்முறைத் தேர்வில் ஒரு நிலையத்தில் கருவாட்டுப் பாட்டியாக ஒருவரை நடிக்கச் செய்து, சரிபார்ப்புப் பட்டியலோடு இருவர் தனித்தனியே மதிப்பெண் இடலாம். அந்தப் பட்டியல் வகுப்புக்கும் பயன்படும், ஆய்வுக்கும் பயன்படும்.

சேர்க்கக் கூடாத இடம்

இவ்வளவு சேர்க்கச் சொல்லிவிட்டு, ஒரு சுவரை எழுப்பச் சொல்கிறேன். நீங்கள் மதிப்பெண் போடும் மாணவரே உங்கள் ஆய்வில் பங்கேற்பவராகவும் இருந்தால், அவருடைய சம்மதம் சுதந்திரமானதாக இருக்காது. மேடம் கேட்கிறார், மறுத்தால் உள்மதிப்பீட்டில் கைவைத்துவிடுவாரோ என்ற அச்சம் அவருக்கு இருக்கும். நாம் அப்படிச் செய்யமாட்டோம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் மாணவர்களைக் கூடுதல் பாதுகாப்புத் தேவைப்படுபவர்களாகக் கருதுகின்றன. சம்மதம் பெறுவதை அந்தப் பாடத்தோடு தொடர்பில்லாத வேறொருவரிடம் ஒப்படையுங்கள். யார் சேர்ந்தார்கள், யார் மறுத்தார்கள் என்பது மதிப்பெண் பட்டியல் வெளியாகும் வரை உங்களுக்குத் தெரியக் கூடாது. சேராத மாணவருக்கும் அதே வகுப்பு, அதே பயிற்சி கிடைக்க வேண்டும்.

கற்பித்தல் முறைகளை ஒப்பிடும் ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் முழுப் பரிசீலனை தேவையில்லை என்று சிலர் கூறுவார்கள். விலக்கு அளிக்க அந்த நெறிமுறைகளில் இடம் உண்டு. ஆனால் விலக்கு உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது குழுதான், நாம் இல்லை. விண்ணப்பத்தை முன்கூட்டியே அனுப்புங்கள். வகுப்பு எடுத்து முடித்த பிறகு, சென்ற ஆண்டின் மதிப்பெண்கள் கையில் இருக்கின்றனவே என்று அவற்றை ஆய்வுத் தரவாக்க முயன்று நின்றுபோன ஆய்வு ஒன்றை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். குடும்பங்களிடமும் அதே கவனம் வேண்டும்: சம்மதப் படிவத்தைத் தமிழில் எழுதி, முற்றத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்துக்காட்டுங்கள். புரியாத முகத்தைக் கண்டால் படிவத்தைத் திருத்துங்கள்.

வாரமும் எழுத்தும்

எழுத்துக்கு வாரத்தில் இரண்டு இடங்களை மட்டும் நிலையாக வையுங்கள். எனக்கு வியாழன், ஞாயிறு அதிகாலை நாலரை முதல் ஆறரை வரை. நாள்தோறும் எழுதுவேன் என்ற உறுதி, ரெக்கார்டு நோட்டுகள் திருத்த வரும் முதல் வாரத்திலேயே உடைந்துவிடும். பேருந்திலும் ரயிலிலும் படிக்கலாம், எழுத முடியாது. மேற்கோள்களைச் சேமிக்க ஜோடேரோ போன்ற இலவச மென்பொருள் ஒன்றை முதல் மாதத்திலேயே பழகிக்கொள்ளுங்கள். தமிழ் வினாநிரல்களையும் படிவங்களையும் தொடக்கத்திலிருந்தே யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு வேறு கணினியில் திறக்கும்போது சிதைந்து போய், கடைசி மாதத்தில் மீண்டும் அடிக்க நேரும். ஆய்வேட்டின் வரிகள் ஏற்கெனவே வெளியானவற்றோடு எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் 10 விழுக்காடு வரை விதிகள் பொறுத்துக்கொள்கின்றன. சொந்தப் பாடக் குறிப்புகளை மாணவர்களுக்காக இணையத்தில் ஏற்றிவிட்டு அதே வரிகளை ஆய்வேட்டில் எழுதினால் அவையும் கணக்கில் வரலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

நெறியாளருக்கு மாதம் ஒருமுறை ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: என்ன செய்தேன், எங்கே நின்றுவிட்டேன், உங்களிடம் எனக்கு வேண்டிய ஒரு முடிவு என்ன. தேர்வு மாதத்தில் எதுவும் நடக்காவிட்டால் எதுவும் நடக்கவில்லை என்றே எழுதி அனுப்புங்கள். தொடர்பு அறுந்த மாணவரை மீட்பதுதான் நெறியாளர்களுக்குக் கடினமாக இருக்கிறது. வீட்டில் இருப்பவர்களிடமும் அந்தப் பெரிய தாளைக் காட்டி, எந்த வாரங்களில் நீங்கள் களத்தில் இருப்பீர்கள் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

ஆய்வேட்டை ஒப்படைத்த பிறகு இரண்டு வேலைகள் மிஞ்சும். பாட அலகின் முழுக் கோப்பையும், சரிபார்ப்புப் பட்டியலையும், நடிப்பவருக்கான குறிப்பையும் அடுத்து அந்தப் பாடத்தை நடத்தப்போகும் ஆசிரியரிடம் ஒப்படைத்து, ஒரு வகுப்பில் அவரோடு உட்காருங்கள். மற்றது, தகவல் தந்த ஊருக்குத் திரும்பிப் போவது. அதற்கு ஜூன் முதல் வாரம் பொருத்தமானது. தடைக்காலம் முடிய ஒரு வாரம் இருக்கும், படகுகளுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருப்பார்கள், ஆண்களும் பெண்களும் ஊரில் இருப்பார்கள். புள்ளிவிவர அட்டவணைகளை விட்டுவிட்டு, ஒரு கிண்ணம் கருவாடும் ஒரு பாத்திரம் சுடுநீரும் கொண்டு போங்கள்.